கமரன் அம்மையாரின் கமராவும் எங்கள் பிள்ளைகளின் முகங்களும்

கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவைப் பற்றிப் பாடசாலையில் படிக்காதவர்கள் எங்களில் குறைவு. அந்த ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1833 இல் இலங்கை முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டு, ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது. தமிழர் அரசியலைப் பேசும் மேடைகளில் அந்த ஆண்டு இன்றும் வந்துபோகும். ஆனால் அந்தக் கமரனின் மனைவியைப் பற்றி எங்கள் பாடப்புத்தகங்கள் ஒன்றும் சொல்வதில்லை. உலகப் புகைப்பட வரலாற்றில் கணவரை விடப் பல மடங்கு பெயர் பெற்றவர் அவர். ஜூலியா மார்கரெட் கமரன். அவருடைய கல்லறையும் இந்த நாட்டில்தான், பொகவந்தலாவையில் உள்ள சென் மேரிஸ் தேவாலய வளவில் இருக்கிறது.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக வேலை செய்கிறேன். எங்கள் முன்பள்ளிக்குக் கமராவோடு வருகிறவர்கள் அதிகம். உதவி வழங்க வருகிறவர்கள், திட்டங்களைப் பார்வையிட வருகிறவர்கள், வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள், யூடியூப் காணொளி எடுக்கிறவர்கள் என்று பலர். வந்து ஐந்து நிமிடம் ஆகுமுன் யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசி பிள்ளைகளின் முகத்துக்கு நேரே உயர்ந்துவிடும். முன்பின் தெரியாத ஒருவருடைய பிள்ளையைப் படம் எடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்பது எனக்கு அன்றாட வேலையில் எழும் கேள்வி. அந்தக் கேள்வியோடுதான் கமரன் அம்மையாரின் வாழ்க்கையை வாசித்தேன். அவருடைய காலத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆனாலும் அதற்கு ஒரு நல்ல உதாரணமும் ஒரு கெட்ட உதாரணமும் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கின்றன.

கல்கத்தாவில் பிறந்தவர்

ஜூலியா 1815 ஜூன் 11 இல் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பட்டில் கிழக்கிந்தியக் கம்பனியில் உயர் அதிகாரி. தாய் பிரெஞ்சுப் பரம்பரையைச் சேர்ந்தவர். பெண்பிள்ளைகளைக் கல்விக்காகப் பிரான்சுக்கு அனுப்புவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். ஜூலியாவும் அங்கேதான் வளர்ந்தார். உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் வானியலாளர் ஜோன் ஹேர்ஷல். புகைப்படம் என்ற புதிய கண்டுபிடிப்பைப் பற்றி ஜூலியாவுக்குப் பின்னாளில் அறியத் தந்தவர் இவர். மற்றவர் சார்ள்ஸ் ஹே கமரன். இலங்கை ஆணைக்குழு வேலையை முடித்து, இந்தியாவுக்கான சட்டங்களைத் தொகுக்கும் பணியில் இருந்த சட்ட அறிஞர். ஜூலியாவை விட 20 வயது மூத்தவர். 1838 இல் கல்கத்தாவில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

ஜூலியாவின் இரக்க குணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது கல்கத்தாவில் இருந்தபடி பெருந்தொகை நிதி திரட்டி அனுப்பினார். தன் பிள்ளைகளோடு தாய் தந்தையை இழந்த உறவினர் பிள்ளைகளையும் வளர்த்தார். லண்டனுக்கு அருகே புட்னி என்ற இடத்தில் தாயோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்த மேரி ரையன் என்ற அயர்லாந்துச் சிறுமியை வீட்டுக்கு அழைத்து வந்து படிக்கவும் வைத்தார். இரக்கமில்லாத ஒருவர் பிள்ளைகளைத் தவறாகப் படம் எடுத்தார் என்ற கதை என்றால் அதை ஒரே வரியில் முடித்துவிடலாம். இது இரக்கமுள்ள ஒருவரின் கதை. அதனால்தான் எங்களுக்குப் பயன்படுகிறது.

48 வயதில் ஒரு கமரா

கமரன் குடும்பம் 1848 இல் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1860 இல் வைற் தீவில் உள்ள பிரெஷ்வோட்டர் என்ற கிராமத்தில் வீடு வாங்கினார்கள். பக்கத்தில் கவிஞர் டெனிசனின் வீடு. இலங்கையில் கமரனுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அந்த நினைவில் வீட்டுக்கு டிம்புள்ளைப் பகுதியின் பெயரை வைத்தார்கள். வைற் தீவில் டிம்போலா என்ற அந்த வீடு இன்று ஒரு நூதனசாலை.

1863 டிசம்பரில், கணவர் இலங்கைத் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்த நேரம், தனித்திருந்த தாய்க்குப் பொழுதுபோகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். ஜூலியாவுக்கு அப்போது 48 வயது. கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக மாற்றிப் படம் எடுக்கும் இடமாக்கினார். நிலக்கரி அறை இருட்டறையானது. அந்தக் காலத்தில் படம் எடுப்பது இலேசான வேலை இல்லை. கண்ணாடித் தட்டில் இரசாயனத்தைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கமராவில் வைத்துப் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவியும் முடிக்க வேண்டும். கைகள் கறுத்துப்போகும். படத்துக்கு முன்னால் இருப்பவர் பல நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் எல்லாம் வீண்.

பல தோல்விகளுக்குப் பிறகு 1864 ஜனவரி 29 வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு முதல் வெற்றி கிடைத்தது. படத்தில் இருந்தவள் அனி பில்பொட் என்ற சிறுமி, சொந்தக்காரப் பிள்ளை அல்ல. அதே நாளில் அந்தப் படத்தை அச்செடுத்து, நிறமூட்டி, சட்டம் போட்டு, இரவு எட்டு மணிக்குள் சிறுமியின் தந்தையிடம் கொடுத்துவிட்டார் ஜூலியா. படம் நன்றாக வந்ததற்குப் பிள்ளையின் பொறுமைதான் காரணம் என்று ஒரு கடிதமும் எழுதினார். முதல் வெற்றியில் கிடைத்த படம் முதலில் போய்ச் சேர்ந்த இடம் அந்தப் பிள்ளையின் வீடு. இந்த ஏழு மணித்தியாலங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமத்துப் பிள்ளைகள்

அதன் பிறகு பிரெஷ்வோட்டரில் ஜூலியாவின் கமராவுக்குத் தப்பியவர்கள் குறைவு. டார்வின், டெனிசன் போன்ற பெரிய மனிதர்கள் வந்து இருந்தார்கள். அவர்களுக்கு மறுக்கவும் முடியும், படம் பிடிக்காவிட்டால் சொல்லவும் முடியும். வீட்டு வேலைக்காரிகளுக்கும் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அந்த வசதி இருக்கவில்லை. மேரி ஹிலியர் என்ற பணிப்பெண் திரும்பத் திரும்ப மாதாவாக உடுத்தி நின்றார். அவர் மடியில் குழந்தை இயேசுவாக வைக்கப்பட்டவன் பேர்சி கியோன், அவ்வூர்ப் பீரங்கிப் படை வீரர் ஒருவரின் மகன். அவனுடைய அக்காமார் கேற், எலிசபெத் இருவரும் பல படங்களில் இருக்கிறார்கள். தெருவில் போகிற ஒருவருடைய முகம் பிடித்துவிட்டால் ஜூலியா அவரை உள்ளே கூப்பிட்டுவிடுவார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தேவதூதர் வேடத்துக்காகச் சின்னப் பிள்ளைகளின் முதுகில் அன்னப்பறவையின் கனத்த சிறகுகளைக் கட்டியதையும், பிள்ளைகள் அவர் வருவதைக் கண்டாலே பயந்ததையும் அப்படி நின்ற ஓர் உறவுச் சிறுமி முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தத் தேவதூதர் படங்களை உற்றுப் பார்த்தால் சில முகங்களில் சலிப்பும் அழுகையும் தெரியும். பார்க்கிறவர்கள் அதைத் தெய்வீகச் சோகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சட்டம் படம் எடுத்தவரின் பக்கம் இருந்தது. 1862 இல் பிரித்தானியாவில் வந்த பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தையும் உள்ளடக்கியது. ஜூலியா தன் படங்களில் 500 க்கும் மேற்பட்டவற்றை அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து, லண்டனில் விற்பனைக்கு வைத்தார். படத்தில் இருந்த பிள்ளைக்கோ பிள்ளையின் பெற்றோருக்கோ அந்தப் பதிவில் பங்கு இல்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீரங்கி வீரரின் பிள்ளைகளின் பெயர் எனக்கு எப்படித் தெரியும்? அவை பதிவாகியிருக்கின்றன. பிச்சை எடுத்த சிறுமி மேரி ரையனுக்குப் பெயர் மட்டும் இல்லை, ஒரு முழுக்கதையே இருக்கிறது. கண்காட்சியில் அவளுடைய படத்தைப் பார்த்து விரும்பிய ஹென்றி கொட்டன் என்ற இளைஞர் அதை வாங்கிச் சென்று, 1867 இல் அவளையே மணந்தார். அவர் பின்னாளில் இந்தியாவில் உயர் அதிகாரியாகி, 1904 இல் இந்தியத் தேசிய காங்கிரசின் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஏழைகளாக இருந்தாலும் ஒரே ஊர், ஒரே மொழி என்பதால் அவர்களுடைய பெயர் எழுதத்தக்க பெயராக இருந்தது.

1872 இல் ஜூலியாவின் பராமரிப்பில் இருந்த அடலின் கிளொக்ஸ்ரன் என்ற சிறுமி இறந்துபோனாள். ஜூலியா அவளை மரணப் படுக்கையில் படம் எடுத்தார். இறந்த பிள்ளையைப் படம் எடுப்பது அந்தக் காலத்து இங்கிலாந்தில் வழக்கம்தான். பிள்ளையின் நினைவாக வீட்டில் வைப்பதற்காக அப்படி எடுத்தார்கள். இறந்த பிள்ளைகளின் படங்கள் உலகமெங்கும் போய்வந்த ஒரு மண்ணில் இருந்து இதை எழுதுகிறேன். அடலினின் படத்தில் அவளுடைய முழுப்பெயர் இருக்கிறது. 2009 இல் எங்கள் பிள்ளைகள் கிடந்த படங்களில் எத்தனைக்குப் பெயர் இருக்கிறது?

களுத்துறையில் ஒரு சிறுமி

வருமானம் தந்த கோப்பித் தோட்டங்களை 1869 முதல் இலைநோய் அழிக்கத் தொடங்கியது. 1873 இல், கமராவைப் பரிசளித்த மகள் பிரசவத்தில் இறந்துபோனாள். கடன், துயரம், மகன்மார் இலங்கையில் இருந்தமை எல்லாம் சேர்ந்து 1875 ஒக்ரோபரில் கணவனும் மனைவியும் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். போகிற இடத்தில் கிடைக்குமோ தெரியாது என்று இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுபோனார்கள். அவற்றுக்குள் பீங்கான், கண்ணாடிப் பொருட்களை அடுக்கியிருந்தார்கள்.

இலங்கையில் ஜூலியா எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை 30 க்கும் குறைவு. அவர் எடுத்ததாக அறியப்பட்ட மொத்தப் படங்கள் 1,200 க்கும் மேல். 1877 ஜனவரியில் மரியான் நோர்த் என்ற ஓவியர் களுத்துறையில் அவர்களுடைய வீட்டில் தங்கினார். ஜூலியா அவரைப் பல கோலங்களில் படம் எடுத்தார். எல்லாவற்றிலும் அவர் மரியான் நோர்த்தான். நோர்த் தன் நினைவுநூலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஊர்க்காரர் ஒருவருடைய முதுகின் அழகு ஜூலியாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. அவரைத் தோட்டக்காரனாக வேலைக்கு வைக்கும்படி மகனை வற்புறுத்தினாராம். அந்த வீட்டில் தோட்டமே இருக்கவில்லை. அந்த மனிதருக்குத் தோட்டக்காரன் என்றால் என்னவென்றும் தெரியாது. நோர்த் இதை வேடிக்கையாகத்தான் எழுதுகிறார். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. சம்பளம் தருகிறவர் கமராவைத் தூக்கினால் மறுக்க முடியுமா? நிவாரணம் தருகிறவர் தூக்கினால்?

1878 இல் எடுத்த ஒரு படத்தில் களுத்துறைக் கிராமத்தவர்கள் நிற்கிறார்கள். படத்தோடு ஜூலியா எழுதிய குறிப்பில், சிறுமிக்கு வயது 12 என்றும், முதியவர் தன்னை அவளுடைய தந்தை என்றும் தன் வயது நூறு என்றும் சொல்வதாகவும் இருக்கிறது. அப்படியென்றால் யாரோ அவர்களோடு பேசியிருக்கிறார்கள். மொழிபெயர்த்திருக்கிறார்கள். வயதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள், உறவைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பெயரை மட்டும் எழுதவில்லை. தந்தை என்று அவர் சொல்கிறார் என்று எழுதிய தோரணையில் ஒரு நம்பாமையும் தெரிகிறது. பிரெஷ்வோட்டர்ப் பிள்ளைகளுக்குப் பெயர் கொடுத்த அதே கை, அதே கமரா, களுத்துறைப் பிள்ளைக்கு வயதை மட்டும் கொடுத்தது.

தோட்டத் தொழிலாளர்களையும் அவர் படம் எடுத்தார். நூதனசாலைகளின் பட்டியலில் அவர்கள் தொழிலாளர், பெண், சிறுமி, இலங்கையர் என்று இருக்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

என் தாயின் முன்னோர் மலைநாட்டுத் தோட்டத்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் எங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர். கோப்பிக் காலத்துத் தொழிலாளர்கள் தமிழகத்தில் இருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தே போனார்கள். வழியில் வாந்திபேதியிலும் பசியிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வெட்டுக்கும் நெருப்புக்கும் பயந்து அதே வடக்குப் பக்கம் திரும்பி வந்தார்கள். 2009 இல் அவர்களில் பலர் முள்ளிவாய்க்காலில் செத்தார்கள். கமரன் அம்மையார் எடுத்த படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, அந்த முகங்களில் ஒன்று எங்கள் பாட்டிமாரில் ஒருத்தியாக இருக்கக்கூடும் என்ற நினைப்பு வராமல் இல்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உறுதிப்படுத்த வழி இல்லை. ஒரு பெயரை எழுதி வைத்திருந்தால் வழி இருந்திருக்கும்.

ஜூலியா 1879 ஜனவரி 26 இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் உள்ள கிளென்கேண் தோட்டத்தில் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் இறந்து, அதே தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். ஜூலியாவின் சகோதரியின் பேத்திதான் எழுத்தாளர் வேர்ஜினியா வுல்ப். அவரும் விமர்சகர் ரொஜர் பிறையும் சேர்ந்து 1926 இல் வெளியிட்ட படத்தொகுப்பு ஜூலியாவின் புகழை மீட்டெடுத்தது. இன்று லண்டன் விக்ரோறியா – அல்பேட் நூதனசாலையிலும் அமெரிக்காவின் கெற்றி நூதனசாலையிலும் அவருடைய படங்கள் பாதுகாக்கப்படுகின்றன. முகத்தின் ஆழத்தைக் காட்டிய முதல் பெரிய கலைஞர்களில் ஒருவர் என்ற புகழ் அவருக்கு உரியது. அதை நான் மறுக்கவில்லை.

கைத்தொலைபேசிக் காலம்

நாடும் தொழில்நுட்பமும் மாறினாலும் அந்த வழக்கம் மாறவில்லை. 1984 இல் பாக்கிஸ்தானில் ஓர் அகதி முகாமில் எடுக்கப்பட்ட பச்சைக்கண் ஆப்கான் சிறுமியின் படம் அடுத்த ஆண்டு நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் அட்டையில் வந்து உலகப் புகழ் பெற்றது. அவளுடைய பெயர் ஷர்பத் குலா என்பது 2002 இல்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. அதுவரை அவளுக்கும் தன் படம் இப்படிப் பரவியது தெரியாது.

எங்களுக்கு 2009 இல் அது நடந்தது. செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமின் முட்கம்பிக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளின் முகங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அந்தப் படங்களால் பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். இலட்சக்கணக்கானவர்கள் அடைக்கப்பட்டிருந்ததை உலகம் அவற்றால்தான் பார்த்தது. ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருடைய கையில் அந்தப் படம் இருக்கிறது? அவர்களில் பலரிடம் தங்கள் சிறுவயதுப் படம் ஒன்றுகூட இல்லை. இடம்பெயர்ந்து ஓடிய பாதையில் குடும்ப அல்பங்கள் பங்கருக்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் போய்விட்டன. அந்தப் பிள்ளைகளின் ஒரே சிறுவயதுப் படம் ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு நிறுவனத்தின் அலுமாரியில் இருக்கிறது.

பெயர் குறிக்காத படம் என்ன செய்யும் என்பதற்கு வவுனியாவில் ஓர் உதாரணம் உண்டு. 2015 ஜனாதிபதித் தேர்தல் பிரசுரம் ஒன்றில் வேட்பாளர் மைத்திரிபால சிறிசேனவோடு சீருடை அணிந்த பாடசாலைப் பிள்ளைகள் நிற்கும் படம் வெளிவந்தது. அதில் நிற்கும் ஒரு சிறுமி 2009 இல் காணாமல்போன தன் மகள் என்று வவுனியாவைச் சேர்ந்த ஒரு தாய் அடையாளம் காட்டினார். அந்தப் பிரசுரத்தைக் கையில் பிடித்தபடி ஆண்டுக்கணக்காகத் தெருவில் இருந்தார். அந்தச் சிறுமி யார் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் படம் எடுத்தபோது யாராவது அந்தப் பிள்ளைகளின் பெயரையும் பாடசாலையையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் ஒரு நாளில் விடை கிடைத்திருக்கும். மகள்தான் என்றால் மகள். இல்லை என்றால் இல்லை. தேர்தலுக்கு அந்தப் பிள்ளைகளின் சிரிப்பு மட்டும் தேவைப்பட்டது.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களின் போராட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே ஒவ்வொரு தாயின் கையிலும் ஒரு படம். அதனால் பிள்ளைகளைப் படமே எடுக்கக்கூடாது என்று வன்னியில் இருக்கும் ஒருவர் சொல்ல முடியாது. படத்தின் பெறுமதி எங்களை விட யாருக்குத் தெரியும்? அந்தப் படம் யாருக்காக எடுக்கப்படுகிறது, யாரிடம் போய்ச் சேருகிறது என்பதுதான் என் கவலை.

இப்போது வரும் காணொளிகளில் வறிய வீட்டுக்குள் கமரா நுழைகிறது. தாயின் கடன், தகப்பன் இல்லாத கதை, பிள்ளையின் கிழிந்த சட்டை எல்லாம் பதிவாகின்றன. கடைசியில் பிள்ளையின் கையில் ஒரு பொதி. அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது என்றால், பதினேழு வயதில் அவளுடைய வகுப்புத் தோழிகள் அந்தக் காணொளியைத் தேடி எடுத்துப் பார்ப்பார்கள். உதவி செய்தவர் நல்ல மனதோடுதான் செய்திருப்பார், ஜூலியாவைப் போல. நல்ல மனது அந்தப் பிள்ளையின் பதினேழாவது வயதைக் காப்பாற்றாது. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. அதன் 16 ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தையும், 12 ஆம் உறுப்புரை தன்னைப் பற்றிய விடயங்களில் பிள்ளை கருத்துச் சொல்லும் உரிமையையும் கூறுகின்றன. பிள்ளை முகத்தைப் பொத்திக்கொள்வதும் ஒரு கருத்துத்தான்.

எங்கள் முன்பள்ளியில் சில ஆண்டுகளாக ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். படம் எடுக்க விரும்புகிறவர் தன் பெயர், தொலைபேசி இலக்கம், படம் எங்கே போகும் என்பவற்றை அதில் எழுத வேண்டும். தாயோ தகப்பனோ கையெழுத்திட வேண்டும். பிள்ளை தலையாட்டி மறுத்தால் பெற்றோரின் கையெழுத்து இருந்தாலும் படம் இல்லை. எடுத்த படத்தின் ஒரு பிரதியை அச்செடுத்து ஒரு மாதத்துக்குள் வீட்டுக்குத் தர வேண்டும். பிள்ளையின் பெயர் எங்கள் பதிவேட்டில் இருக்கும், வெளியே போகாது. பெயரைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, ஊருக்கு அறிவிப்பது வேறு. போருக்குப் பிறகு வாழும் எங்களுக்கு அந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. பெயரை வெளியிடலாமா என்று தீர்மானிக்க வேண்டியது பிள்ளையின் வீடு.

இதற்கு விலை கொடுத்திருக்கிறோம். ஒரு குழுவினர் பதிவேட்டைப் பார்த்ததும் கோபித்துக்கொண்டு, கொண்டுவந்த புத்தகப்பைகளை வாகனத்தில் இருந்து இறக்காமலே போய்விட்டார்கள். அந்த ஆண்டு 23 பிள்ளைகள் பழைய பையோடு வந்தார்கள். சில பெற்றோர் என்னோடு சண்டை பிடித்தார்கள். ஒரு படத்தால் என்ன குறைந்துவிடும், பை கிடைத்திருக்குமே ரீச்சர் என்று ஒரு தாய் கேட்டதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. கூலி வேலைக்குப் போகும் அவருக்கு அந்தப் பை இரண்டு நாள் சம்பளம். ஆனால் இன்னொரு குழு பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, மூன்று வாரத்தில் படங்களை அச்செடுத்து அனுப்பியது. அந்த ஆண்டு முன்பு சண்டை பிடித்த தாயின் வீட்டுக்குப் போனபோது சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மகனின் படம் தொங்கியது. அந்த வீட்டில் இருந்த ஒரே படம் அதுதான்.

படம் எடுக்கிறவர்களிடம் நான் கேட்பது புதிதான ஒன்றும் இல்லை. 1864 ஜனவரி 29 இல் கமரன் அம்மையார் அதைச் செய்து காட்டியிருக்கிறார். கண்ணாடித் தட்டும் வெள்ளிக் கரைசலும் நிலக்கரி அறையுமாக, பகல் ஒரு மணிக்கு எடுத்த படத்தை இரவு எட்டு மணிக்குள் பிள்ளையின் தந்தையிடம் கொடுத்தார். பிள்ளைக்கு நன்றியும் எழுதினார். அவரால் முடிந்தது. களுத்துறைச் சிறுமிக்கு அதைச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சட்டைப் பையில் கமராவோடு திரியும் எங்களுக்கு அதே வேலை ஒரு நிமிடம். படம் எடுக்குமுன் கேளுங்கள். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படத்தை அந்த வீட்டுக்குக் கொடுங்கள். பிறகு வந்து அழிக்கச் சொன்னால் அழியுங்கள். இவற்றைச் செய்ய நேரமில்லை என்றால் கைத்தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, கொண்டுவந்த பையை மட்டும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.